படத்தில் தெரியாத எலும்பு முறிவு

குழந்தை ஓடும்போது தடுக்கி விழுகிறது. கை வீங்குகிறது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகிறோம். எக்ஸ்ரே எடுக்கிறார்கள். "முறிவு இல்லை" என்கிறார் டாக்டர். நிம்மதியாக வீடு திரும்புகிறோம். ஆனால் நான்கு நாள் ஆகியும் வலி குறையவில்லை. இது ஏன்?

எக்ஸ்ரே கதிரை 1895இல் ஜெர்மனி விஞ்ஞானி ராண்ட்ஜன் கண்டுபிடித்தார். கெட்டியான எலும்பு இந்தப் படத்தில் வெள்ளையாகத் தெரியும். குருத்தெலும்பு தெரியாது.

குருத்தெலும்பு எது? உங்கள் காது மடலை மடக்கிப் பாருங்கள். வளைகிறது அல்லவா? அதற்குள் இருப்பது குருத்தெலும்புதான்.

குழந்தைகளின் கை, கால் எலும்புகளின் நுனி அருகே குருத்தெலும்பு உண்டு. அங்கேதான் எலும்பு நீளமாக வளர்கிறது. படத்தில் அந்த இடம் கறுப்புக் கோடு போல் இருக்கும். இதனால் இரண்டு தவறுகள் நேரலாம். அந்தக் கோட்டையே முறிவு என்று நினைத்துவிடலாம். அல்லது அங்கே உள்ள உண்மையான முறிவைக் கவனிக்காமல் விடலாம். வளரும் இடத்தில் ஏற்பட்ட முறிவைக் கவனிக்காவிட்டால் எலும்பு கோணலாகவோ குட்டையாகவோ வளரலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. காய்ந்த குச்சி 'படக்' என்று ஒடியும். பச்சைக் குச்சி வளையும்; ஒரு பக்கம் மட்டும் பிளக்கும். குழந்தையின் எலும்பு பச்சைக் குச்சி போன்றது. படத்தில் சிறு மடிப்பு மட்டும் தெரியலாம். இரவு நேர அவசரப் பிரிவில் படம் பார்க்கும் நிபுணர் இல்லாமலும் இருக்கலாம். அப்போது அது கண்ணுக்குத் தப்பிவிடும்.

நாம் என்ன செய்ய வேண்டும்?

1. எப்படி விழுந்தது, எங்கே தொட்டால் அழுகிறது என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

2. வலியோ வீக்கமோ குறையவில்லையா? குழந்தை கையை அசைக்கவில்லையா? காலை ஊன்றவில்லையா? மறுபடியும் டாக்டரிடம் காட்டுங்கள். 10 முதல் 14 நாளில் முறிந்த இடத்தில் புது எலும்பு வளரும். முதல் படத்தில் தெரியாத முறிவு அப்போது தெரியலாம்.

3. பழைய படத்தையும் சீட்டையும் பத்திரமாக வையுங்கள். மறுமுறை போகும்போது கொண்டுபோங்கள்.

4. அடிபட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள். இழுக்காதீர்கள். மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டாதீர்கள்.

5. கட்டுப் போட்ட பிறகு விரல்கள் நீலமாகவோ வெளிறியோ போனால், மரத்துப்போனால், வலி அதிகமானால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மறுபடியும் போய்க் கேட்டால் டாக்டர் கோபிப்பாரோ என்று தயங்காதீர்கள். கேட்பது நம் உரிமை. படத்தில் தெரியாததைக் குழந்தையின் வலி சொல்லும்.