உடற்பயிற்சியும் கொழுப்பிழைய அழற்சியும்

கொழுப்பிழைய அழற்சி என்பது உடற்பருமன் உள்ளவர்களின் கொழுப்பிழையத்தில் நீண்டகாலம் தொடரும் மிதமான அழற்சி ஆகும். காயம்பட்ட இடத்தில் காணும் சிவப்போ வலியோ இதில் வெளியே தெரிவதில்லை. ஆனால் இது இன்சுலினுக்கு உடல் ஒத்துழைக்கும் திறனை (இன்சுலின் உணர்திறன்) குறைத்து, இரண்டாம் வகை நீரிழிவுக்கு வழிவகுக்கிறது. உடற்பயிற்சி இந்நிலையை இரண்டு வழிகளில் மாற்றுகிறது. தசை வழியாக வரும் பயன் உடனே தொடங்கும். கொழுப்பிழையத்தில் ஏற்படும் மாற்றம் மெதுவாகவே வரும்.

கொழுப்பிழையத்தின் பணி

கொழுப்பிழையம் வெறும் சேமிப்புக் கிடங்கு என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1994ஆம் ஆண்டு அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் லெப்டினைக் கண்டறிந்த பிறகு, அது நாளமில்லாச் சுரப்பியாகவும் செயல்படுவது தெளிவாயிற்று. கொழுப்பணுக்கள் சுரக்கும் லெப்டின், உடலில் உள்ள கொழுப்பின் அளவை மூளைக்கு உணர்த்துகிறது. அடிப்போனெக்டின் என்னும் மற்றொரு சுரப்பு இன்சுலினின் வேலைக்குத் துணைபுரிகிறது. உடற்பருமனில் லெப்டின் கூடுகிறது, அடிப்போனெக்டின் குறைகிறது.

கொழுப்பு எங்கே சேர்கிறது என்பதும் முக்கியம். தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பைவிட, வயிற்றறையில் உள்ளுறுப்புகளைச் சூழ்ந்திருக்கும் கொழுப்பே இன்சுலின் எதிர்ப்புடன் அதிகத் தொடர்புடையது.

அழற்சி தோன்றும் விதம்

உணவில் மிஞ்சும் ஆற்றல் கொழுப்பாகச் சேரச்சேரக் கொழுப்பணுக்கள் பெருக்கின்றன. அவற்றுக்குப் போதிய ரத்த ஓட்டமும் ஆக்சிஜனும் கிடைப்பதில்லை. நலிந்த அணுக்கள் சில இறக்கின்றன. இறந்த அணுக்களை அகற்ற, பெருவிழுங்கிகள் என்னும் நோயெதிர்ப்பு அணுக்கள் வந்து அவற்றைச் சூழ்ந்துகொள்கின்றன. உடற்பருமன் நீடிக்கும்வரை இந்த வேலை முடிவதில்லை. எனவே பெருவிழுங்கிகள் அழற்சிப் பொருள்களைச் சுரந்துகொண்டே இருக்கின்றன.

1993இல் ஹோடாமிஸ்லிகில், ஸ்பீகல்மன் ஆகியோர், பருமனான எலிகளின் கொழுப்பிழையத்தில் டி.என்.எஃப்-ஆல்ஃபா என்னும் அழற்சிப் பொருள் மிகுந்திருப்பதைக் கண்டனர். அதைச் செயலிழக்கச் செய்தபோது எலிகளின் இன்சுலின் உணர்திறன் மேம்பட்டது. கொழுப்பிழையத்தில் பெருவிழுங்கிகள் குவிவதை 2003இல் இரு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே வெளியிட்டன.

இன்சுலின் எதிர்ப்பு

இன்சுலின் தசை அணுவின் ஏற்பியில் பொருந்தியதும், அணுவுக்குள் ஒரு சமிக்ஞைத் தொடர் இயங்குகிறது. அதன் விளைவாக குளூட்-4 என்னும் புரதம் அணுவின் மேற்பரப்புக்கு வந்து குளுக்கோசை உள்ளே விடுகிறது. அழற்சிப் பொருள்களும் கொழுப்பிழையத்திலிருந்து கசியும் கொழுப்பு அமிலங்களும் இச்சமிக்ஞைத் தொடரைத் தடுக்கின்றன. குளுக்கோசு ரத்தத்திலேயே தங்குகிறது. ஈடுசெய்யக் கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. அதனால் ஈடுகொடுக்க முடியாதபோது நீரிழிவு தோன்றுகிறது.

உடற்பயிற்சியின் விளைவுகள்

தசை வழி: தசை சுருங்கும்போது, இன்சுலினின் சமிக்ஞைக்குக் காத்திராமல் வேறொரு பாதையில் குளூட்-4 மேற்பரப்புக்கு வருகிறது. எனவே இன்சுலின் எதிர்ப்பு உள்ளவரின் தசையும் நடக்கும்போது குளுக்கோசை எடுத்துக்கொள்கிறது. ஒரு முறை செய்த பயிற்சியால் கூடும் இன்சுலின் உணர்திறன் சுமார் ஒன்று முதல் இரண்டு நாள்வரை நீடிக்கிறது.

கொழுப்பிழைய வழி: பல வாரப் பயிற்சியில் உள்ளுறுப்புக் கொழுப்பு குறைகிறது. எலிகளில் பெருவிழுங்கிகளும் அழற்சிப் பொருள்களும் குறைவது பல ஆய்வுகளில் காணப்பட்டுள்ளது. மனிதரில் இம்மாற்றம் பெரும்பாலும் கொழுப்பு குறைவதை ஒட்டியே வருகிறது.

இன்டர்லியூக்கின்-6: உடற்பருமனில் இப்பொருள் ரத்தத்தில் எப்போதும் சற்று மிகுந்திருக்கும், அது அழற்சியின் அடையாளம். பயிற்சியின்போது தசையும் இதையே சுரக்கிறது. ஆனால் அது சில மணி நேரத்தில் தணிந்து, அழற்சியை அடக்கும் பொருள்களைத் தூண்டுகிறது. பாடவேளை முடிந்ததும் ஒருமுறை அடிக்கும் பள்ளி மணி ஒழுங்கைத் தருகிறது. நாள் முழுதும் அடித்தால் அதே மணி இடையூறு. டென்மார்க்கில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், இன்டர்லியூக்கின்-6இன் செயலைத் தடுக்கும் மருந்து பெற்றவர்களுக்கு 12 வாரம் சைக்கிள் பயிற்சி செய்தும் உள்ளுறுப்புக் கொழுப்பு குறையவில்லை. மருந்தின்றிப் பயிற்சி செய்தவர்களுக்குக் குறைந்தது.

எடை குறையாவிட்டால்?

சில வாரம் நடந்தும் எடை குறையவில்லை என்று பயிற்சியைக் கைவிடுவோர் பலர். எடை பார்க்கும் கருவி தசையில் நிகழும் மாற்றத்தைக் காட்டுவதில்லை. சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு இதற்குச் சான்று. நீரிழிவின் முன்நிலையில் இருந்த 531 பேர் இதில் பங்கேற்றனர். நடைப்பயிற்சியும் உணவு மாற்றமும் மேற்கொண்டவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. அவர்களின் எடையில் குறிப்பிடத்தக்க குறைவு ஏற்படவில்லை.

எடையும் குறைந்தால் பயன் கூடும். அமெரிக்காவில் 3,234 பேரிடம் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், 7 விழுக்காடு எடைக் குறைப்பும் வாரம் 150 நிமிட உடலுழைப்பும் இலக்காக இருந்தன. அங்கு இவ்வாய்ப்பு 58 விழுக்காடு குறைந்தது.

எவ்வளவு பயிற்சி?

பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்றும், இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி செய்ய வேண்டும் என்றும் உலக சுகாதார அமைப்பு 2020இல் பரிந்துரைத்தது. ஒரு நாள் பயிற்சியின் பயன் ஓரிரு நாளில் மங்கிவிடுவதால், தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாமல் இருப்பது நல்லது. இன்சுலின் அல்லது சர்க்கரையை வெகுவாகக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்குப் பயிற்சியின்போது தாழ்சர்க்கரை ஏற்படலாம். அவர்கள் மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குவதும், கையில் சிறிது சர்க்கரை வைத்திருப்பதும் பாதுகாப்பானது.