கேட்பவருக்கே முதலிடம்

வட அமெரிக்காவின் பேரேரிகளைச் சுற்றி வாழும் ஒஜிப்வே மக்களின் மொழியில் 'கிவாபம்' என்றால் 'நீ என்னைப் பார்க்கிறாய்'. 'கிவாபமின்' என்றால் 'நான் உன்னைப் பார்க்கிறேன்'. இரண்டிலும் முன்னால் நிற்கும் 'கி' முன்னிலையின் அடையாளம். பார்ப்பவர் யாரானாலும் கேட்பவருக்குத்தான் முதலிடம். யார் யாரைப் பார்த்தார் என்பதைச் சொல்லின் ஈறு சொல்லிவிடும். பேச்சில் 'நீ' வராதபோது 'நான்' முன்னே வரும்: 'நிவாபமா', நான் அவரைப் பார்க்கிறேன்; 'நிவாபமிக்', அவர் என்னைப் பார்க்கிறார்.

நாம், நாங்கள் என்ற வேறுபாடு நமக்குப் பழக்கமானது. ஒஜிப்வேயிலும் அது உண்டு. 'நாங்கள்' என்பது 'நீனவிந்த்'. 'நாம்' என்பது 'கீனவிந்த்'. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டதுமே அந்தக் 'கி' ஒலி முன்னால் வந்துவிடுகிறது. எவ்வளவு அழகான ஒழுங்கு!

இந்த ஒழுங்கு வெறும் சொற்பட்டியலில் சிக்காது. ஸ்லொவேனியப் பாதிரியார் ஃபிரெடெரிக் பராகா 1850இல் இலக்கணமும் 1853இல் அகராதியும் வெளியிட்டார். பெரும் உழைப்பு அது. ஆனால் தாளில் குரல் இல்லை. பின்னாளில் பழங்குடிப் பிள்ளைகளுக்கென நடத்தப்பட்ட உறைவிடப் பள்ளிகள் தாய்மொழி பேசியவர்களைத் தண்டித்தன. வீட்டில் மொழி கைமாறுவது தலைமுறை தலைமுறையாகத் தடைபட்டது. இன்று பல ஊர்களில் அதைச் சரளமாகப் பேசுபவர்கள் முதியவர்களே.

மினசோட்டா பல்கலைக்கழகத்தின் 'ஒஜிப்வே மக்கள் அகராதி' இணையத்தில் திறந்து கிடக்கிறது. அதில் ஒரு வினைச்சொல்லைத் தேடினால் அதன் வடிவங்கள் தெரியும். பல சொற்களை அந்த மொழியிலேயே வளர்ந்தவர்களின் குரலில் கேட்கவும் முடியும். நெடிலும் குறிலும் பொருளை மாற்றும் மொழிக்கு அந்தக் குரல் இன்றியமையாதது. என்னைக் கேட்டால், பழங்கதைகளைப் பதிவுசெய்வதோடு ஆய்வாளர்கள் நின்றுவிடக்கூடாது. கதைசொல்லி பெரும்பாலும் 'அவர்' என்றே சொல்லிச் செல்வார். 'நீ என்னை', 'நான் உன்னை' என்ற வடிவங்கள் இருவர் எதிரெதிரே உட்கார்ந்து பேசும்போதுதான் தாராளமாகப் புழங்கும். சமையல், சண்டை, கேலி எல்லாமே பதிவாக வேண்டும்.

அந்த வடிவங்களைக் கேட்டு வளரவேண்டிய பிள்ளைகள் இருக்கிறார்கள். விஸ்கான்சின் மாநிலத்தின் வாடூகொடாடிங் பள்ளியில் பாடமொழியே ஒஜிப்வே. மேப்பிள் மரச் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரை எடுப்பதும் அங்கே பாடம்தான், கணக்கும் ஒஜிப்வேயில்தான். கணக்குக்கும் அறிவியலுக்கும் சொல் இல்லாத இடங்களில், ஆசிரியர்கள் முதியவர்களோடு உட்கார்ந்து புதுச் சொற்களை ஆக்குகிறார்கள்.