எஞ்சினுக்கு எது சரியான இடம்?

தென்காசியிலிருந்து புளியரை வழியாக ஆரியங்காவு செல்லும் மலைச்சாலையில் வளைவுகள் பல. ஒவ்வொரு வளைவிலும் வண்டி இரு காரியங்களைச் செய்கிறது: பாதையை மாற்றுகிறது, தானும் சுழன்று திரும்புகிறது. இந்தச் சுழற்சி எளிதாவதும் கடினமாவதும் எதைப் பொறுத்தது?

ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு மீட்டர் நீளமுள்ள கம்பின் இரு முனைகளிலும் அரைக் கிலோ கல் ஒவ்வொன்றைக் கட்டுங்கள். நடுவில் பிடித்து இடமும் வலமுமாகத் திருப்புங்கள், கை சிரமப்படும். கற்களை நடுவுக்கு நெருக்கிக் கட்டினால் எளிதில் திரும்பும். எடை மாறவில்லை, தூரமே மாறியது. இப்பண்பை நிலைமத் திருப்புத்திறன் என்கிறோம். கல்லின் தூரம் பாதியானால், அதன் பங்கு நான்கில் ஒன்றாகிவிடும்.

காரில் கனமான பாகம் எஞ்சின். அதை இருக்கைகளுக்கும் பின் அச்சுக்கும் இடையே வைத்தால் வண்டி சுலபமாகத் திரும்பும். பந்தயக் கார்களில் வழக்கமாகிவிட்ட இம்முறையைச் சாலைக் காருக்குக் கொண்டுவந்து புகழ்பெற்றது, 1966-இல் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமான இத்தாலியின் லம்போர்கினி மியூரா. அதன் 12 சிலிண்டர், சுமார் 4 லிட்டர் எஞ்சின் இடத்தை மிச்சப்படுத்தக் குறுக்குவாட்டில் வைக்கப்பட்டது. 2005-இல் கோவையின் நாராயண் கார்த்திகேயன் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய ஜோர்டன் காரிலும் எஞ்சின் அவர் முதுகுக்குப் பின்னேதான் இருந்தது.

ஆனால் எளிதில் திரும்பும் வண்டி, எளிதில் கட்டுமீறியும் சுழலும். மியூராவின் பெட்ரோல் டாங்க் முன்புறம் இருந்தது. பெட்ரோல் குறையக் குறைய முன்சக்கரங்களின் மேல் சுமை குறைந்து, அதிவேகத்தில் பிடிமானம் தளர்ந்தது. பின் இருக்கைக்கும் இடமில்லை. குடும்பத்தோடு குற்றாலம் போக, முன்புறம் எஞ்சின் உள்ள காரே ஏற்றது!