இருதய சத்திரசிகிச்சையின் பின்: தோட்டத்து நோயாளர் நிலை

இருதயத்தின் தொழிலை இயந்திரமொன்று ஏற்றுநிற்க, அதனைத் திறந்து செப்பனிடும் வித்தை 1953ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் ஜோன் கிப்பன் என்னும் வைத்தியரால் முதன்முதல் வெற்றியாக நிறைவேற்றப்பட்டது. இன்று இரத்தினபுரி, கேகாலைத் தோட்டத்து மக்களும் கொழும்புத் தேசிய வைத்தியசாலையில் இதனைக் கட்டணமின்றிப் பெறுகின்றனர். எனினும் சிகிச்சை முடிந்ததும் யாவும் முடிந்ததென்று கொள்ளலாகாது.

மார்பின் நடுவெலும்பு நீளவாக்கில் அறுக்கப்பட்டுப் பின்னர் உருக்குக் கம்பியாற் பிணைக்கப்படுகின்றது. மறுநாளிலோ அதற்கடுத்த நாளிலோ நோயாளியை எழுப்பி உட்காரவைப்பர். இதுகண்டு தாதியரைக் கடிந்துகொள்ளும் உறவினருமுளர். ஆயின் அசையாது கிடந்தால் நுரையீரலின் அடிப்பாகம் சுருங்கிச் சளி கட்டும். கால் நாளங்களிற் குருதி உறையும். ஆதலின், தலையணையை மார்போடணைத்து இருமுதலும் ஆழ மூச்சிழுத்தலும் மருந்துக்கு நிகரானவை.

ஏறக்குறைய ஒரு வாரத்தின் பின் வீடு செல்லலாம். ஆனால் எத்தகைய வீடு? பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்து அறையில் வாழ்வோர் இன்னும் உளர். தண்ணீர்க் குழாயோ பலருக்கு வெளியில். இடர்ப்பாடு இங்குதான் தொடங்குகிறது. தோற்புண் இரண்டொரு வாரத்தில் ஆறிவிடும். எலும்பு பொருந்தவோ 6 முதல் 12 வாரம் வரை செல்லும். அதுவரை நாலைந்து கிலோவுக்கு மேற்பட்ட பாரம் தூக்கலாகாது. நீர் நிறைந்த வாளியே அதனிலும் இருமடங்கு. கொழுந்துக் கூடையையும் இறப்பர்ப் பால் வாளியையும் சொல்லவேண்டியதில்லை. தழும்பைப் பார்த்து, ‘ஆறிவிட்டது’ என்று கூடையைச் சுமந்தால் எலும்பின் பிணைப்பு விலகக்கூடும். மார்பில் ‘கடக்’ என்னும் ஓசை, நீர்க்கசிவு, காய்ச்சல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் மஞ்சள் பூசிக் காத்திராது வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும்.

நாட்சம்பளத்தில் வாழ்பவருக்கு மூன்று மாத ஓய்வு மூன்று மாதப் பட்டினியாகவும் கூடும். வைத்தியர் எழுதும் ஓய்வுச் சீட்டு அடுப்பை எரிக்காது. எனவே வீட்டு ஆண்கள் தண்ணீர் சுமப்பதும், துரையும் கங்காணியும் சிறிது காலம் இலகுவான வேலை கொடுப்பதும் சிகிச்சையின் பகுதிகளேயாம். நடை மட்டும் நன்று. முதலிற் சமதரையில், பின்னர் ஏற்றத்தில். சிலர் காரணமின்றி அழுவர், உறக்கமிழப்பர். இது பேய்க்கோளாறன்று, பெரும்பாலும் நாளடைவில் நீங்கும், நீங்காவிடின் வைத்தியரிடம் கூறுக.

சிறுபிராயத்து மூட்டுவாதக் காய்ச்சலால் வால்வு பழுதுற்று, உலோக வால்வு பொருத்தப்பெற்றோர் ஆயுள் முழுவதும் வார்பரின் குளிசை உண்ணல் வேண்டும். குருதி உறையும் வேகத்தைச் சோதிக்கும் கிளினிக் நாளைத் தவறவிடலாகாது. கீரையை ஒழிக்க வேண்டியதில்லை, என்றும் ஒரேயளவாக உண்டாற் போதும். கடையில் நோவுக் குளிசை தாமே வாங்குதல் தீது. கருவுற விரும்பும் பெண்கள் முன்னரே வைத்தியரிடம் கூறவேண்டும், அம்மருந்து சிசுவைத் தாக்கவல்லதாதலின். பல் பிடுங்கச் செல்லினும் கிளினிக் கொப்பியைக் காட்டுதல் அவசியம். வாய்க் கிருமிகள் குருதியிற் கலந்து புதிய வால்விற் குடியேறக்கூடும்.