எழில் நிரல்மொழியில் பெயரிலிச் சார்புக்கான தொடரமைப்பு

செங்கம் நடுகற்களின் ஆண்டுப் பட்டியலிலிருந்து கி.பி. 700க்கு முற்பட்டவற்றை மட்டும் கணினிவழிப் பிரித்தெடுக்க வேண்டுமெனக் கொள்வோம். ‘ஆண்டு 700க்குக் குறைவு’ என்னும் விதி ஒருமுறையே பயன்படுவது. அதற்குத் தனிப்பெயர் வேண்டியதில்லை. இவ்வாறு பெயரிடாமல், வேண்டிய இடத்திலேயே எழுதப்படுவது பெயரிலிச் சார்பு. ‘வந்தவன்’ என்னும் வினையாலணையும் பெயர், ஒருவனை அவன் வினையாலேயே சுட்டுவதோடு இதனை ஒப்பிடலாம்.

முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழியில் ஒரு சார்பை ‘நிரல்பாகம்’ எனத் தொடங்கி, பெயரிட்டு, ‘பின்கொடு’ என விடையைத் தந்து, ‘முடி’ என நிறைவுசெய்ய வேண்டும். கற்போருக்கு இது தெளிவு. ஓர் ஒப்பீட்டுக்கு மிகை. பைத்தானின் ‘லாம்டா’ போன்ற முன்சொல் ஒன்றைச் சேர்ப்பது எளிதே. ஆயினும் எழிலின் நிபந்தனை ‘@(ஆ < 700) ஆனால்’ என அமைகிறது. தமிழ்த் தொடரிற்போலக் குறிச்சொல் பின்னே நிற்கிறது. எனவே உள்ளீடு முன்னும் விளைவு பின்னுமாக அமைவதும், 2015இல் ஜாவாஸ்கிரிப்ட் ஏற்றதுமான அம்புக்குறியே இதற்கு இயைபுடையது:

(ஆ) => ஆ < 700

சிக்கல் ஒன்றுண்டு. அம்புக்குறியை எட்டும்வரை ‘(ஆ)’ என்பது வெறும் அடைப்புக்குறிக் கோவையாகவே பகுப்பிக்குத் தோன்றும். நிபந்தனையின் முன்னுள்ள ‘@’ இத்தகைய மயக்கத்தையே நீக்குகிறது. அதனையே இங்கும் கொள்ளலாம் என்பது என் கருத்து:

@(ஆ) => ஆ < 700

நிபந்தனையோடு இது மயங்காதோ எனின், மயங்காது. நிபந்தனை கூற்றின் தொடக்கத்தில் வருவது; பெயரிலிச் சார்போ மற்றொரு சார்பின் உள்ளீடாகவோ மாறியின் மதிப்பாகவோ வருவது. கூற்றின் தொடக்கத்தில் அதனைத் தடைசெய்வதால் இழப்பேதுமில்லை. உடற்பகுதி ஒரே கோவையாக இருத்தல் வேண்டும். அதனின் நீண்டவற்றுக்கு நிரல்பாகம் இருக்கிறது.