கட்டுரையும் கரைவலையும்

கட்டுரை வரையக் கற்பிக்க இயலுமோ என்று என்னை வினவுவோர் பலர். இலக்கணம் கற்பிக்கலாம், சந்தி பிரித்துக் காட்டலாம், எழுத்துப் பிழை களையலாம். அதற்கு அப்பால் ஆசிரியன் செய்யக்கூடியது யாது? முப்பது ஆண்டுகளாகச் சிவப்பு மையும் கையுமாக மாணாக்கர் ஏடுகளோடு மன்றாடி வரும் எனக்கு, இவ்வினாவின் விடையில் ஒரு கூறு சென்ற ஆண்டிலேதான் புலப்பட்டது. அதனைப் புலப்படுத்தியவனும் ஒரு மாணாக்கனே.

திருக்கோணமலைத் துறைமுகத்தை அடுத்த கடற்றொழிலாளர் குடியிருப்பொன்றிலிருந்து எங்கள் கீழைத்தேயக் கல்லூரிக்குப் பாலபண்டிதம் கற்க வந்தவன் அவன். முதற் கட்டுரைக்குக் ‘கடற்கரையில் ஒரு காலை’ எனத் தலைப்பிட்டுக் கொடுத்தேன். கதிரவன் பொற்கதிர் பரப்பினான், அலைகள் தாலாட்டின, புள்ளினங்கள் பண்ணிசைத்தன. வழு ஒன்றுதானும் இல்லை. நூற்றுக்கு எழுபது இட்டு, ‘நன்று’ என்றும் பொறித்தேன். அந்த வாரம் முழுவதும் அவன் விடியுமுன் எழுந்து, தந்தையாரோடு வலை இழுத்துவிட்டே வகுப்புக்கு வந்தான் என்பதைப் பின்னரே அறிந்தேன். அவனுடைய கட்டுரைக் கடலிலோ ஒரு தோணிகூட இல்லை.

“தம்பி, நீ கண்ட கடல் இதுதானா?” என்று கேட்டேன்.

“இல்லை ஐயா. இது கட்டுரைக்குரிய கடல்” என்றான்.

அவ்விடை என்னைச் சுட்டது. கட்டுரைக்கென ஒரு தனிக்கடலைப் படைத்து வைத்தவர் என்போன்ற ஆசிரியர் அல்லரோ? ‘நீ கண்டதையே எழுது’ என்று சொல்லி அனுப்பினேன். இரண்டாம் தவணையில் அவன் கரைவலையைப் பற்றி எழுதிக் கொணர்ந்தான். வலையைத் தோணியில் ஏற்றிச் சென்று கடலில் அரைவட்டமாக இறக்குதலும், இரு முனைக் கயிறுகளையும் கரையில் இரண்டு அணியினர் பற்றி அம்பாப் பாட்டின் தாளத்திற்கு இழுத்தலும், நடுவிலுள்ள மடி கரையேறும்போது அன்றைய பிழைப்பு இன்னதென்று முகங்களில் தெரிதலும் அதில் இருந்தன. வாடைக்காற்று எழுந்து கடல் கொந்தளிக்கும் மாதங்களில் இக்கீழ்க்கரையில் கரைவலை இல்லை. அம்மாதங்களில் வீட்டில் உலை எவ்வாறு ஏறும் என்பதையும் இரண்டு வரியில் எழுதியிருந்தான்.

இத்தகைய கட்டுரைக்கு யான் செய்த கைம்மாறு என்ன தெரியுமா? மடி, அம்பா, பாடு, சம்மாட்டியார் என்னுஞ் சொற்களை அடிக்கோடிட்டு, ‘கொச்சை, நல்ல சொல் பெய்க’ என எழுதினேன். அவன் ஏட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “ஐயா, மடிக்கு நல்ல சொல் என்ன?” என்று வினவினான். ‘வலைப்பை’ என்றேன். அவன் மறுத்துரைக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டான். சிரிப்பை மறைக்கவே குனிந்தான் என்பது என் துணிபு. அடுத்த சனிக்கிழமை, சொற்களெல்லாம் மாற்றப்பெற்ற கட்டுரை வந்தது. அதனைப் படித்தபோது, முந்தியதில் இருந்த உப்புக் காற்று அற்றுப்போயிருந்தது.

தொல்காப்பியனார் செய்யுட்குரிய சொற்களை நான்காக வகுத்தபோது திசைச்சொல்லையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். செய்யுளே ஏற்றுக்கொண்டதை உரைநடையில் விலக்க யான் யார்? அன்றிரவு நன்னூலைப் புரட்டினேன். நூலுக்குக் கூறப்பட்ட குற்றம் பத்தினுள் ‘வெற்றெனத் தொடுத்தல்’ ஒன்று. அக்குற்றம் அவன் முதற் கட்டுரையில் நிறைந்திருந்தது. யானோ அதற்கு எழுபது புள்ளி இட்டவன்!

மூன்றாம் தவணையில், நம்மூரவர் ஒருவரின் வரலாற்றை வகுப்பில் எடுத்துரைத்தேன். திருக்கோணமலையிற் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியை ஒட்டியிருந்த கீழைத்தேயச் சுவடி நூலகத்தில் பணியாற்றிய தி. த. சரவணமுத்துப்பிள்ளையே அவர். பதிப்பாசிரியரும் புலவருமாகிய தி. த. கனகசுந்தரம்பிள்ளையின் உடன்பிறந்தார். 1892 ஆம் ஆண்டிலே ‘தத்தைவிடு தூது’ பாடினார். வடிவம் பழைய தூதுப் பிரபந்தம். கிளி கொண்டு செல்லும் செய்தியோ பெண் விடுதலை. அதே ஆண்டில் ‘தமிழ்ப் பாஷை’ என்னும் உரையையும் வெளியிட்டார். மூன்றாண்டு கழித்து, 1895 இல், ‘மோகனாங்கி’ என்னும் நாவல் வந்தது. தமிழின் முதல் வரலாற்று நாவல் இதுவே என்பர் ஆய்வாளர் பலர். பின்னாளில் இது சுருக்கப்பட்டுச் ‘சொக்கநாத நாயக்கர்’ என்ற பெயரோடும் உலவியது. செய்யுளிலிருந்து சொற்பொழிவு, அதிலிருந்து நெடிய உரைநடைக்கதை: இத்தனை தொலைவை ஒருவர் மூன்றாண்டில் நடந்து கடந்தார் என்பது எண்ணுந்தோறும் எனக்கு வியப்பே. (அவருடைய உரைநடையில் இன்றைய மாணாக்கர் விரைந்து செல்லார், அது வேறு.)

யாவரும் கேட்டிருக்க, நம் மாணாக்கன் மட்டும் எழுந்து, “மோகனாங்கியிலே திருக்கோணமலை ஏன் இல்லை ஐயா?” என்றான்.

முப்பது ஆண்டில் எவரும் கேளாத கேள்வி. கதை நடப்பது தமிழகத்தில். நாயக்கர் கால அரசியலே அதன் களம். சற்றுச் சிந்தித்து, “அவர் சென்னையிலே சுவடிகளுக்கிடையில் வாழ்ந்தார். நாள்தோறும் அவர் கண்முன் கிடந்தது பழங்காலம். அதனை எழுதினார்” என்றேன். அவன் அமர்ந்தான். விடை அவனுக்கு நிறைவளித்ததோ இல்லையோ, எனக்கு அளிக்கவில்லை.

அதன்பின் நிகழ்ந்ததே அவனை எழுத்தாளன் ஆக்கியது. அதில் எனக்குப் பங்கில்லை. அவர்கள் பாட்டுக் கரையில், அதாவது வலை இழுக்கும் துறையில், எதற்காகவோ கருங்கற்களைக் கொண்டுவந்து கொட்டிவிட்டனர். வலை கிழிகிறது. மனு எழுதும் பொறுப்பு, படித்த பிள்ளையென்று இவன் தலையில் விழுந்தது. ‘மாட்சிமை தங்கிய’ எனத் தொடங்கி, ‘கருணைக் கடலே’ என வளர்த்து, மூன்று பக்கம் எழுதினான். மாலையில் குடியிருப்பினர் கூடியிருக்க உரக்கப் படித்தானாம். முதியவர் ஒருவர் இறுதிவரை கேட்டுவிட்டு, “எல்லாம் வலு நல்லா இருக்கு, தம்பி. இதுக்குள்ள எங்கட வலை எங்க?” என்றாராம்.

அன்றிரவே அதனைக் கிழித்துப் புதிதாக எழுதினான். மறுநாள் எனக்குக் காட்டினான். ஒரே பக்கம். கல் கிடக்கும் இடம், கரையிலிருந்து அதன் தூரம், இதுவரை கிழிந்த வலைகள், ஒரு வலையைப் பொத்த எத்தனை பேர் எத்தனை நாள் இருக்கவேண்டும், அந்நாட்களில் கூலியின்றி இருக்கும் குடும்பங்கள். மடி என்றே எழுதியிருந்தான். பாடு என்றே எழுதியிருந்தான். நன்னூலார் சுருங்கச் சொல்லலையும் விளங்க வைத்தலையும் அழகு பத்தின் தலையிலே வைத்தது ஏன் என்பது, அவ்வொரு பக்கத்தைப் படித்தபோது எனக்குத் தெளிந்தது. யான் திருத்த ஒன்றுமில்லை. அலுவலர் ஒருவர் வந்து இடம் பார்த்துச் சென்றார். கற்கள் இன்னும் அங்கேயே கிடக்கின்றன. இரண்டாம் மனு எழுதிக்கொண்டிருக்கிறான்.

இனித் தேர்வு வருகிறது. இதுவே என் கவலை. விடைத்தாளைத் திருத்தப்போகும் பெரியார் எவரோ அறியேன். சென்ற ஆண்டு வரை யான் இருந்தவாறே இருப்பவர் ஒருவர் கையில் அது வீழுமாயின்? பொற்கதிரும் தாலாட்டும் எழுதினால் புள்ளி உறுதி. மடியையும் பாட்டையும் எழுதினால் உறுதியில்லை. ‘தேர்வுக்கு மட்டும் பழைய கடலை எழுதிவிடு’ என்று சொல்ல நாவெடுத்தேன், சொல்ல முடியவில்லை. அவன் எதை எழுதுவான் என்றும் கேட்கவில்லை.

ஆண்டிறுதிக் கட்டுரை நேற்று என் மேசைக்கு வந்தது. தலைப்பை அவனே இட்டுக்கொண்டான்: ‘எங்கள் கரைவலை பாடு’. இருமுறை படித்தேன். பின்னர்ச் சிவப்பு மையை எடுத்துத் தலைப்பில் விடுபட்ட ஒரு ‘ப்’ மட்டும் இட்டு, ஏட்டை மூடினேன்.