மரத்தைப் பார்த்து வாளை எடுங்கள்



உடல்நலப் பகுதியில் செயின்சாவுக்கு என்ன வேலை, இது இரும்புக் கடைக்காரர் பேச வேண்டிய விஷயமாச்சே என்று சிலர் கேட்கலாம். உடல்நல விஷயம்தான். தவறான வாளைப் பிடித்து வருஷக்கணக்கில் வேலை செய்த கை, பிறகு எந்த மருந்துக்கும் முழுசாகத் திரும்புவதில்லை. கெட்ட காதும் அப்படியே. அந்த இரண்டையும் காப்பாற்றும் முதல் வேலை, கடையில் வாளைத் தேர்ந்தெடுக்கும்போதே தொடங்கிவிடுகிறது.

நம் தோட்டப் பேச்சில் ‘மரம் வெட்டுவது’ என்றால் பால் வெட்டுவது. இங்கே சொல்வது மரத்தையே சாய்ப்பது. ஜொகூரில் இந்த வேலைக்குக் குறைவில்லை. 25, 30 வயதான பால் மரங்களைச் சாய்த்து மறுநடவு செய்கிறார்கள். மூவார் பக்கத்துத் தளவாடத் தொழிற்சாலைகளுக்குப் பால் மரக் கட்டை வேண்டும். வெட்டிய கட்டையைச் சில நாட்களுக்குள் ஆலைக்கு அனுப்பாவிட்டால் பூஞ்சணம் பிடித்து நீலம் பாய்ந்துவிடும். ஆகவே எப்போதும் அவசரம். கூலியையும் டன் கணக்கில் பேசிவிட்டால் கேட்கவே வேண்டாம்; ஓய்வு என்ற பேச்சே இராது. குளுவாங், சிகாமட், லாபிஸ், கோத்தா திங்கி வட்டாரத் தோட்டத் தோழர்களும், வேலையிலிருந்து ஓய்வு பெற்றுத் தாமான் வீடுகளில் மரம் கழிக்கப் போகிறவர்களும் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

பெரிய வாள் பிடித்தால் பெரிய ஆளா?

1926இல் ஜெர்மனியில் அந்திரேயாஸ் ஸ்டீல் என்பவர் மின்சாரத்தில் ஓடும் சங்கிலி வாளைச் செய்தார். அதைப் பிடிக்க இரண்டு ஆள் வேண்டும். 1959இல் அதே கம்பெனி கொண்டுவந்த ஓர் ஒற்றையாள் வாளின் எடை 12 கிலோ. இன்று 4 கிலோவுக்கும் வாள் கிடைக்கிறது. அப்படியிருந்தும் ‘பெரிசா இருந்தாத்தான் வேலை ஓடும்’ என்ற எண்ணம் நம்மில் போகவில்லை. சுண்டைக்காய் கால் பணம், சுமை கூலி முக்கால் பணம் என்ற கதைதான் இது. தேவைக்கு மேல் 3 கிலோ கனமான வாளை ஒரு நாளில் 300 தடவை தூக்கி இறக்கினால், 900 கிலோவைச் சும்மா தூக்கியிருக்கிறீர்கள். அந்தக் கூலியை யாரும் தரப்போவதில்லை. இடுப்பும் தோளும்தான் கொடுக்கும்.

சிறிய வாளால் பெரிய மரத்தை அறுப்பதும் தப்பு. எஞ்சின் திணறும். ஆள் வாளை அழுத்துவார். ஐந்து நிமிஷ வேலை கால் மணி ஆகும். அத்தனை நேரமும் கை அதிரும், காது இரையும். ஆகவே வாள் பெரிதா சிறிதா என்பது கேள்வியல்ல. வேலைக்குப் பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி.

எந்த வேலைக்கு எந்த வாள்?

முதலில் மரத்தை அளந்து பாருங்கள். தையற்காரர் நாடா போதும். நெஞ்சுயரத்தில் சுற்றளவை எடுத்து மூன்றால் வகுத்தால் ஏறக்குறைய குறுக்களவு வரும். ஒரு மீட்டர் சுற்றளவுள்ள பால் மரத்தின் குறுக்களவு சுமார் 32 சென்டிமீட்டர், அதாவது 13 அங்குலம். அடிமரம் இன்னும் கொஞ்சம் பெருத்திருக்கும். சங்கிலி ஓடுகிற தகட்டைக் கடையில் ‘பார்’ என்பார்கள். அது மரத்தின் குறுக்களவைவிட இரண்டு அங்குலமாவது நீளமாக இருந்தால் போதும். எஞ்சினின் அளவை ‘சிசி’ என்ற கணக்கில் சொல்வார்கள்.

1. கிளை கழிக்க, வேலிக் கம்பு வெட்ட, வீட்டோரத்து ரம்புத்தான், மா போன்றவற்றின் கிளைகளை அறுக்க: 30 முதல் 40 சிசி எஞ்சின், 12 முதல் 16 அங்குல பார். பேட்டரி வாளும் இதற்கு நல்லது. புகை இல்லை, சத்தமும் அதிர்வும் பொதுவாகக் குறைவு.

2. பால் மரம் சாய்க்க, கட்டையைத் துண்டு போட: 45 முதல் 60 சிசி, 16 முதல் 20 அங்குல பார். சாதாரணப் பால் மரத்துக்கு 16 அல்லது 18 அங்குலமே போதும். நாள் முழுதும் வேலை என்றால் இந்த நடுத்தர வாள்தான் உங்கள் தோழன்.

3. தோட்ட எல்லையில் நிற்கும் பெரிய காட்டு மரம்: 70 சிசிக்கு மேல், 20 அங்குலத்துக்கு மேற்பட்ட பார். இது பயிற்சி பெற்றவர் வேலை. தினமும் பிடிக்கிற வாளும் அல்ல.

4. செம்பனை: மறுநடவின்போது பெரும்பாலும் எக்ஸ்கவேட்டர் வைத்தே சாய்க்கிறார்கள். ஆனால் காற்றில் விழுந்து ரோட்டை அடைத்த மரத்தைச் செயின்சாவால்தான் துண்டு போடுகிறோம். செம்பனைத் தண்டு நார் நாராக, ஈரமாக இருக்கும். உள்ளே மணலைப் போன்ற சிலிக்கா சத்தும் உண்டு. சங்கிலி சீக்கிரம் மழுங்கும். நடுத்தர வாளும், கூடவே தீட்டிய மாற்றுச் சங்கிலி ஒன்றும் வேண்டும். கானோடெர்மா என்ற வேரடி அழுகல் நோய் கண்ட செம்பனையை மட்டும் வாளோடு நெருங்காதீர்கள். அடி கூடாகிப்போன மரம் எந்தப் பக்கம் விழும் என்று சொல்ல முடியாது.

5. உயரத்துக் கிளை, செம்பனை மட்டை: நீண்ட கம்பு வைத்த வாள், அல்லது குட்டை மரத்துக்கு மோட்டார் பொருத்திய மட்டை வெட்டி. சாதாரணச் செயின்சாவைத் தோளுக்கு மேல் தூக்கி அறுக்கவே கூடாது. ஏணியில் நின்று அறுப்பதும் அப்படியே. மேல்பக்கம் கைப்பிடி வைத்த சின்ன வாள் கடையில் அழகாகத் தெரியும். அது கயிறு கட்டி மரமேறப் பயின்றவர்களுக்கென்று செய்தது. தரையில் நின்று வேலை செய்கிறவர்களுக்கு அது ஆபத்து.

வாங்கும்போது தொட்டுப் பாருங்கள்

நீளமான பார் ஏன் ஆபத்து? பாரின் நுனி மேல்பகுதி வேறொரு கட்டையில் பட்டால், வாள் கண்ணிமைக்கும் நேரத்தில் மேலே எகிறித் திரும்பும். முகம், கழுத்து, தோள் இவைதான் அதன் வழியில் இருக்கும். மரத்துக்கு மிஞ்சிய பாரின் நுனி, கண்ணுக்கு மறைவாக அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டு இருக்குமல்லவா? அங்கேதான் விபத்து.

ஆகவே முன்கைப்பிடிக்கு முன்னே உள்ள பிரேக்கைத் தள்ளிப் பாருங்கள். சங்கிலி அப்போதே நிற்க வேண்டும். பிரேக் இல்லாத பழைய வாள் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். விசையை விட்டால் சங்கிலி நிற்கிறதா, சங்கிலி அறுந்தால் பிடிக்கும் கொக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள். அடுத்து, எஞ்சினுக்கும் கைப்பிடிக்கும் நடுவில் ஸ்பிரிங்கோ ரப்பர் கட்டையோ இருக்க வேண்டும். அதிர்வு கைக்கு ஏறாமல் தடுப்பது அதுதான். பழைய வாள் வாங்கும்போது கைப்பிடியை ஆட்டிப் பார்த்தால் ரப்பர் கிழிந்திருப்பது தெரிந்துவிடும்.

எவ்வளவு நல்ல வாளானாலும் மழுங்கின சங்கிலி அதைக் கெடுத்துவிடும். அறுக்கும்போது விழுவதைக் கவனியுங்கள். செதில் செதிலாக விழுந்தால் சங்கிலி கூர்மை. மாவாக விழுந்தால் மழுங்கிவிட்டது. நிறுத்தி அரம் போடுங்கள். பெட்ரோல் ஊற்றும் ஒவ்வொரு தடவையும் சங்கிலியைப் பார்ப்பது நல்ல பழக்கம்.

விரல் பேசுவதைக் கேளுங்கள்

அதிர்வு வருஷக்கணக்கில் கையில் ஏறினால், விரல்களின் மெல்லிய இரத்தக் குழாய்களும் நரம்புகளும் கெடும். குளிர் நாடுகளில் விரல் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போவதால் இதை ‘வெள்ளை விரல்’ நோய் என்றார்கள். 1918இலேயே அமெரிக்க டாக்டர் அம்மையார் ஆலிஸ் ஹாமில்டன், கல் உடைக்கும் தொழிலாளரிடம் இதைக் கண்டு எழுதினார். 1960களில் ஜப்பான் அரசாங்கக் காடுகளில் செயின்சா பிடித்தவர்களிடையே இது பெருகியது. அங்கே தொழிற்சங்கம் இதை விடவில்லை. ஒரு நாளில் வாள் பிடிக்கும் நேரம் 2 மணி என்று வரம்பு வந்தது.

நம் நாட்டுக் கதை கொஞ்சம் வேறு. நம்முடைய உஷ்ணத்தில் விரல் வெளுப்பது அரிது. அதனால் ‘நமக்கு அந்த நோய் இல்லை’ என்று நினைத்துவிடுகிறோம். இங்கே அது வேறு வேஷத்தில் வரும். வேலை முடிந்தும் விரல் நுனி குறுகுறுக்கும். ராத்திரியில் கை மரத்துப் போய்த் தூக்கம் கலையும். காலையில் சட்டைப் பொத்தான் போட வராது. காசை எடுத்தால் நழுவும். ‘அதெல்லாம் பழகிப் போச்சு’ என்று சொல்லாதீர்கள். அந்த நிலையில் நிறுத்தினால் குணம் காண வாய்ப்புண்டு. முற்றிவிட்டால் உணர்ச்சி திரும்புவது கஷ்டம்.

நம்மவர்களில் சர்க்கரை நோய் உள்ளவர் நிறைய. கை மரத்தால் ‘சர்க்கரைதான்’ என்று முடிவு கட்டிவிடுவார்கள். சர்க்கரையால் வரும் மரப்பு பெரும்பாலும் பாதத்தில்தான் தொடங்கும். கைவிரலில் தொடங்கினால் டாக்டரிடம், “நான் இத்தனை வருஷம் செயின்சா பிடிக்கிறேன்” என்று நீங்களாகவே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவருக்குத் தெரிய வழியில்லை.

வாளின் குறிப்புப் புத்தகத்தில் இரண்டு கைப்பிடிக்கும் அதிர்வு எண் போட்டிருக்கும். ஐரோப்பிய நாடுகளின் விதிப்படி 8 மணி நேரத்துக்கு 5 என்பது உச்ச வரம்பு. எண் 7 என்றால் 4 மணி, 10 என்றால் 2 மணி நேரத்தில் அந்த வரம்பு முடிந்துவிடும். இரண்டு வாளில் எதை வாங்குவது என்று தயங்கினால் குறைந்த எண் உள்ளதை வாங்குங்கள். வாளை இறுக்கிப் பிடித்து அழுத்தாதீர்கள். கூரான சங்கிலி தானே இறங்கும். இரண்டு பேர் மாறி மாறிப் பிடியுங்கள். புகை பிடிப்பது இரத்தக் குழாயை இன்னும் சுருக்கும். அதை விட்டுவிடுங்கள்.

காது, கால், இரத்தம்

பெட்ரோல் வாளின் சத்தம் காதருகில் 100 டெசிபலைத் தாண்டும். மலேசியாவின் 2019ஆம் ஆண்டு சத்த விதிமுறைப்படி 8 மணி நேரத்துக்கு வரம்பு 85. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். கணக்குப் போட்டால் 100 டெசிபலுக்குக் கிடைப்பது 15 நிமிஷந்தான்! காதில் பஞ்சு வைத்தால் போதாது. சரியான காது மூடி வேண்டும்.

ஜப்பான் சிலிப்பரும் கைலியும் வாள் பிடிக்கிற உடுப்பல்ல. கெட்டியான பூட்ஸ், கண்ணும் முகமும் மறைக்கும் வலை வைத்த தலைக்கவசம், கையுறை, செயின்சாவுக்கென்றே செய்த கால் உறை இவை வேண்டும். அந்தக் கால் உறையில் உள்ள நார், சங்கிலியில் சிக்கி அதை நிறுத்திவிடும். வெயிலில் புழுங்கத்தான் செய்யும். அதற்கு மருந்து தண்ணீரும் நிழலில் ஓய்வும். கழற்றி எறிவது அல்ல.

வெட்டுப்பட்டால் காப்பித்தூள், எஞ்சின் எண்ணெய் எதையும் வைக்காதீர்கள். சுத்தமான துணியை வைத்துப் பலமாக அழுத்திப் பிடித்து, 999க்கு அடியுங்கள். விரல் துண்டானால் ஈரத்துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையை ஐஸ்மேல் வையுங்கள். விரல் நேராக ஐஸில் படக்கூடாது. தனியாக யாரும் மரம் சாய்க்கப் போகாதீர்கள் என்பதற்குக் காரணமும் இதுதான்.

யார் வாங்கித் தர வேண்டும்?

“இவ்வளவும் வாங்க எங்கே போறது?” என்று கேட்பது நியாயமே. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி பாதுகாப்பான கருவியும் பயிற்சியும் தருவது முதலாளியின் கடமை. சட்டப்படி தர வேண்டிய பாதுகாப்புச் சாமான்களுக்குத் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது. 2024 ஜூன் முதல் நடப்பில் உள்ள திருத்தத்தின்படி, உடனடி ஆபத்து உண்டு என்று நியாயமாக நம்பும் இடத்தில் அதை நீக்க முதலாளி நடவடிக்கை எடுக்காவிட்டால், அங்கிருந்து விலகிக்கொள்ளும் உரிமையும் தொழிலாளிக்கு உண்டு. 40 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் கமிட்டி இருக்க வேண்டும். பிரேக் கெட்ட வாளைப் பற்றி அங்கே பேசுங்கள், எழுத்திலும் கொடுங்கள்.

அதிர்வால் வரும் நோயும் சத்தத்தால் வரும் செவிட்டுத்தன்மையும் சொக்சோவில் தொழில் நோயாக ஏற்கப்பட்டவை. 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் வேலை விபத்துக் காப்புறுதி உண்டு. பக்கத்தில் வாள் பிடிக்கும் இந்தோனேசியத் தோழரிடமும் வங்காளதேசத் தோழரிடமும் இதைச் சொல்லுங்கள். எந்த வருஷத்திலிருந்து வாள் பிடிக்கிறீர்கள், எந்தத் தோட்டத்தில், எந்த வாள் என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பின்னாளில் விண்ணப்பம் செய்யும்போது அந்த நோட்டு உங்களுக்காகப் பேசும்.

நாளைக் காலை பெரட்டில் வாளைக் கையில் கொடுத்தால் மூன்றே கேள்வி கேளுங்கள். இந்த மரத்துக்கு இந்த வாள் சரியா? பிரேக் பிடிக்கிறதா? சங்கிலி கூரா? மூன்றுக்கும் ‘ஆமாம்’ என்று பதில் வந்த பிறகு எஞ்சினை இழுங்கள்.